மேகம் கட்டாத படம்

புகைப்படக்காரர் சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். இப்போதெல்லாம் பட்டமளிப்பு விழா நடக்கும் இடத்திலேயே பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கலரில் எடுத்துவிடுகிறார்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள் பாய் என்றார்கள். கண்ணாடி நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்கிற கலை போய்விட்டதே என்று உச்சுக்கொட்டவும் செய்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கலையில்தான் என் வலது கண் பாழாயிற்று. அது ஒழிந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. அழுது வடிகிற கட்டுரை வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு மனசு கேட்கவில்லை. தொழிலைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை எடுத்த என் முதலாளி இப்போது இல்லை. நானும் போய்விட்டால் அது ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்று சொல்ல ஆள் இருக்காது.

நான் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். பெயர் சுபான். வீட்டில் உருதும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அத்தா புத்தகங்களுக்கு பைண்டிங் செய்பவர். உருவம் வரைகிற வேலை நமக்கு ஆகாது என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். நான் வரையவில்லை அத்தா, ஏற்கெனவே இருக்கிற முகத்தில் தூசி தட்டுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை, தடுக்கவும் இல்லை. ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் சில வருஷங்கள் நெகட்டிவ் கண்ணாடித் தட்டு கழுவியும் திரை சுருட்டியும் திட்டு வாங்கியும் கழிந்தன. யுத்தம் ஆரம்பிக்கிற சமயத்தில் நான் டச்சிங் மேஜையில் முழு ஆளாக உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஸ்டுடியோ லஸ் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில் இருந்தது. வடக்குப் பக்கம் சாய்வான கண்ணாடிக் கூரை. அதன் கீழே வெள்ளைத் துணிகளைக் கயிற்றில் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வோம். முதலாளி ரங்கையா நாயுடு உயரமான, ஒடிசலான மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டைக் கழற்ற மாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வேலையில் தப்பு செய்தால் திட்டக்கூட மாட்டார். அந்தத் தட்டை நம் மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போவார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

பட்டமளிப்பு விழா நாள் என்றால் மத்தியானத்துக்குமேல் எங்கள் மாடிப்படி கொள்ளாது. விழா நடக்கிற சேப்பாக்கத்திலிருந்து பஸ்ஸிலும் ஜட்காவிலும் அங்கியோடேயே வந்து இறங்குவார்கள். பட்டம் வாங்கினவன் ஒருவன் என்றால் அவன் நிற்பதைப் பார்க்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். முகத்துக்குப் பவுடர் போதாது என்று ஒரு அத்தை, வேட்டியா கால்சட்டையா என்று ஒரு மாமா, இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பையன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பான். வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுவாரம் வருகிறவர்களுக்காக ஸ்டுடியோவிலும் இரண்டு அங்கி வைத்திருந்தோம். அதை மாட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பரீட்சையில் தவறியவர்களும் அவ்வப்போது வருவார்கள். பட்டச் சுருளைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்க்காமல் முதலாளி அங்கியை எடுத்துத் தர மாட்டார். ஒருமுறை மாம்பலத்திலிருந்து வந்த ஒருவர் செய்தித்தாளைச் சுருட்டி ரிப்பன் கட்டி எடுத்து வந்தார். முதலாளி அதைப் பிரித்து, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, மடித்துக் கையில் கொடுத்து, அடுத்த வருஷம் வாருங்கள் என்று வணக்கம் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வார்த்தைகளை அவர் எல்லோரிடமும் சொல்வார், மயிலாப்பூரில் அவை எல்லோருக்கும் தெரிந்தவை. காமிராவுக்கு முன்னால் நிறுத்துவதற்கு முன்பு கேட்கிற கேள்வி ஒன்று: "படம் எங்க போகப் போவுது?" அந்தப் பதிலை வைத்துத்தான் எங்கள் வேலை முழுக்க நடக்கும். வீட்டுச் சுவருக்குப் போகிற படம் என்றால் முழு உருவம், பின்னால் தூண் வரைந்த திரை, பக்கத்தில் செதுக்கு வேலை செய்த நாற்காலி. பெண் வீட்டுக்குப் போகிற படம் என்றால் முகம் பெரிதாக வேண்டும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் என் பென்சிலில் காணாமல் போகும். வேலைக்கு விண்ணப்பத்தோடு போகிற படத்தில் நான் கை வைக்கக்கூடாது. நேரில் பார்க்கிறவர் வேறு ஆள் என்று நினைத்துவிடுவார் என்பார் முதலாளி. படிக்க வைத்த மாமாவுக்கு மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலில் போன படங்கள் ஏராளம். தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மகனின் பட்டப் படத்தைக் கடைக் காலண்டரிலேயே போட்டுவிட்டார். அந்த வருஷம் முழுக்க அந்தப் பையன் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை என்று கேள்வி.

இரண்டாவது வார்த்தை, எல்லாம் தயாராகி, கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, காமிரா மூடியைத் திறக்க அழுத்துகிற ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வது. சிரிங்க என்றோ அசையாதீங்க என்றோ சொல்ல மாட்டார். "இந்தப் படத்தைப் பாக்கப் போறவங்கள நெனைச்சுக்குங்க" என்பார். அவ்வளவுதான். திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த கண்கள் ஒரு இடத்தில் போய் நிற்கும். அந்த நொடியில் பந்தை அழுத்துவார்.

இவை தவிர இன்னொரு வகைப் படமும் உண்டு. அதை நாங்கள் மேகம் என்போம். பழைய தட்டை எடுத்து, மார்புவரை மட்டும் பெரிதாக்கி, கீழேயும் பக்கத்திலும் எல்லாவற்றையும் வெள்ளையில் கரைத்துவிடுவது. திரை இருக்காது, நாற்காலி இருக்காது, கை கால் இருக்காது. வெண்மேகத்துக்கு நடுவிலிருந்து முகம் மட்டும் எட்டிப் பார்க்கும். மற்ற ஸ்டுடியோக்களில் அழகுக்காக உயிரோடு இருப்பவர்களுக்கும் இப்படிச் செய்வார்கள். எங்கள் ஸ்டுடியோவில் காலமானவர்களுக்கு மட்டும்தான். அது முதலாளியின் வழக்கம். மயிலாப்பூரில் எங்களிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மேகம் போடுங்கள் என்று யாராவது சொன்னால், எப்போது காலமானார் என்று நாங்கள் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

நடராஜன் பி.ஏ. பட்டம் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தது யுத்தம் தொடங்கிய மறு வருஷம். அவன் அப்பா கணபதி ஐயர், அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் குளத்துக்கு மேற்கே வீடு. ஒரே பிள்ளை. படம் எங்கே போகப் போகிறது என்று முதலாளி கேட்டதும் அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, கூடத்துச் சுவருக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்றார். ஆக ஒரே ஆளை மூன்று தட்டில் எடுத்தோம். சுவருக்கு எடுத்த படத்தில் நடராஜன் நாற்காலிக்கு ஒரு பக்கம் நின்று, இடது கையை அதன் முதுகின்மேல் வைத்திருந்தான். வலது கையில் பட்டச் சுருள். நெட்டையான பையன், ஒரு இடத்தில் நிற்க மாட்டான். முதலாளி தன் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். யாரை நினைத்தானோ, சிரிப்பை அடக்கிக்கொண்டது உதட்டில் அப்படியே விழுந்திருந்தது. அதை டச்சிங்கில் தொடாதே என்று முதலாளி எனக்குச் சொல்லிவிட்டார்.

மூன்று படமும் போன இடத்தில் காரியத்தை முடித்தன. ஒன்று கூடத்தில் ஏறியது. இன்னொன்று திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குப் போய் விசாலம் என்ற பெண்ணைக் கொண்டுவந்தது. மூன்றாவது ரங்கூனில் ஒரு வியாபாரக் கம்பெனி ஆபீசுக்குப் போய் வேலையைக் கொண்டுவந்தது. கல்யாணமான சில மாதத்தில் நடராஜன் கப்பலேறினான். வீடு பார்த்துவிட்டு அவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான். ரங்கூனிலிருந்த நம் ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே கிளம்பினார்கள். வந்து சேர்ந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. நடராஜன் வரவில்லை.

அந்தக் கோடையில் பட்டணமே காலியானது. குண்டு விழப்போகிறது என்று ஊர் ஊராக ஓடினார்கள். கணபதி ஐயர் குடும்பம் மட்டும் வீட்டைவிட்டு நகரவில்லை. பிள்ளை வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடக்கூடாது என்று அவர் மனைவி பிடிவாதமாக இருந்துவிட்டாள். அதன்பிறகு நடராஜனோடு கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார். வழியில் நடராஜன் காய்ச்சல் கண்டு ஒரு மரத்தடியில் படுத்துவிட்டான், கூட்டம் நகர்ந்தபோது நானும் நகர்ந்துவிட்டேன், பிறகு பார்க்கவில்லை என்று சொன்னார். இறந்ததையும் பார்க்கவில்லை என்றார். இதெல்லாம் மயிலாப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விசாலம் பொட்டும் பூவுமாகக் கோயிலுக்குப் போவதைப் பார்த்து, பின்னால் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. ஒருநாள் காலையில் கணபதி ஐயர் தனியாக மாடியேறி வந்தார். நடராஜனின் சுவர்ப் படத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார். முதலாளி எழுந்து நின்று நாற்காலி போட்டார். என்றும் கேட்கிற கேள்வியை அன்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "படம் எங்க போகப் போவுது சாமி?"

ஐயர் உட்காரவில்லை. "கூடத்துலதான். மேகம் போட்டுடுங்கோ நாயுடு" என்றார்.

நான் டச்சிங் மேஜையில் இருந்தேன். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். செய்தி ஏதாவது வந்ததா என்று முதலாளி கேட்டார். வரவில்லை என்று ஐயரே சொன்னார். வீட்டுப் புரோகிதரைக் கேட்டாகிவிட்டது, உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் நடத்தலாமாம், நாள் பார்த்தாயிற்று என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. மனைவி இரண்டு வருஷமாகத் தினமும் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்கிறாள், அவன் இலையில் பரிமாறி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், தான் சாப்பிடுவது பேருக்குத்தான், உடம்பு ஓடாய்த் தேய்ந்துவிட்டது என்றார். ஒரு முடிவு தெரிந்தால் அழுது தீர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் அவளும் போய்விடுவாள் என்றார். கல்நெஞ்சுக்காரர் பேசுகிற பேச்சில்லை அது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி சரி என்று தலையை ஆட்டினார். வேலையை ஒப்புக்கொண்டால் கொடுத்தவர் சொன்னபடி செய்வதுதான் எங்கள் ஸ்டுடியோவின் நியாயம்.

ஐயர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் காரியம் நடந்தால் விசாலத்தின் கதி என்ன என்பது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அன்றோடு பொட்டு போகும், பூ போகும், வளையல் போகும். இருபதுகூட நிரம்பாத பெண். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நாங்கள் எடுக்கிற படம் மாட்டப்பட்ட நிமிஷத்திலிருந்து அவள் விதவை.

மறுநாள் விசாலமே வந்தாள். கோயிலுக்குக் கிளம்பியவள்போல அர்ச்சனைத் தட்டு கையில் இருந்தது. உள்ளே வரவில்லை. மேல்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளி வெளியே போய் நின்றார். மாமனார் வந்திருந்தாரா என்று கேட்டாள். ஆமாம் என்றார். என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று தனக்குத் தெரியும் என்றாள். மாமனார்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கண்ணில் நீர் இல்லை, குரலும் தடுமாறவில்லை.

"மேகம் போடாதேங்கோ. அவர் இல்லேன்னு தெரிஞ்சா நானே வந்து போடச் சொல்றேன். தெரியாம போடாதேங்கோ" என்றாள்.

முதலாளியால் வாக்குக் கொடுக்க முடியாது என்பது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டாள். படியில் அவள் மெட்டிச் சத்தம் கீழேவரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

அந்த வாரம் முழுக்க முதலாளி அந்தத் தட்டைத் தொடவில்லை. பெரிய காகிதத்துக்கு அப்போது ஏகப்பட்ட தட்டுப்பாடு, அதனால் தாமதம் என்று ஐயருக்குச் சொல்லியனுப்பினார். அது பொய்யில்லை, ஆனால் அலமாரியில் ஒரு காகிதம் இருந்தது எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு மத்தியானம் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார்.

மேகம் கட்டுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தட்டை விளக்குப் பெட்டியில் செருகி, எதிரே பலகையில் காகிதத்தைக் குத்தி வைப்போம். லென்சுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு அட்டை. அதன் நடுவில் முட்டை வடிவத்தில் ஓட்டை, ஓரம் முழுக்க ரம்பப் பல்போல வெட்டியிருக்கும். வெளிச்சம் விழுகிற நேரம் பூராவும் அந்த அட்டையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் கை நின்றாலும் காகிதத்தில் கோடு விழுந்துவிடும். ஆட்டுகிற கை சீராக இருந்தால் ஓரம் பஞ்சுபோலக் கரையும். எங்கள் ஸ்டுடியோவில் அந்தக் கை முதலாளிக்கு மட்டும்தான் உண்டு. வேறு யாரையும் அந்த அட்டையைத் தொட விட்டதில்லை.

அன்று முதலில் காகிதம் வைக்காமல் வெறும் பலகையில் படத்தைப் பார்த்தார். நடராஜன் பலகையில் விழுந்தான். நெகட்டிவ் ஆகையால் முகம் கறுப்பு, கறுப்பு அங்கி வெள்ளை. நாற்காலிமேல் வைத்த இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. முதலாளி அட்டையை எடுத்து நடுவில் பிடித்தார். கை போயிற்று. நாற்காலி போயிற்று. முகம் மட்டும் இருந்தது. அட்டையை எடுத்தார், எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி எடுத்தார். சிவப்பு விளக்கில் அவர் முகத்தை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"இன்னா முதலாளி?" என்று கேட்டேன்.

"என்னால ஆவல நைனா" என்றார். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துப் பலகையில் குத்தச் சொன்னார். தலை முதல் கால்வரை, திரை, தூண், நாற்காலி எல்லாம் சேர்த்து முழுசாக அச்சிட்டார்.

அந்தப் படத்தை வாங்க ஒருநாள் ஐயர் வந்தார். சொன்ன வேலையைச் செய்யாமல் முதலாளி ஒருவரை எதிர்கொண்டது அந்த ஒரு தடவைதான். படத்தைத் துணி விலக்கிக் காட்டினார். சாமி, மேகம் போட எனக்குக் கை வரவில்லை, அவசியம் வேண்டுமென்றால் தட்டைத் தருகிறேன், வேறு இடத்தில் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார். விசாலம் வந்ததைச் சொல்லவில்லை. அவளைக் காட்டிக்கொடுத்து வீட்டில் ஒரு சண்டையை மூட்ட அவருக்கு மனசில்லை.

ஐயர் கோபிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் இருந்தது சின்னப் படம். பிள்ளையை இவ்வளவு பெரிதாக அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. அடக்கிக்கொண்ட சிரிப்பு நன்றாகத் தெரிந்தது. பிறகு கேட்டார், "இந்த நாற்காலி இன்னும் இங்கதான் இருக்கா?"

நான் அதை எடுத்து வந்து வெளிச்சத்தில் போட்டேன். அவர் படத்தைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்து, நடராஜன் கை வைத்திருந்த இடத்தில் தன் கையை வைத்தார். அப்படியே நின்றார். நானும் முதலாளியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அழுகைச் சத்தம் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, படத்தை இப்படியே துணியில் சுற்றிக் கொடுங்கோ என்றார். தட்டைக் கேட்கவில்லை.

அந்த மாதம் காரியம் நடக்கவில்லை. அடுத்த மாதமும் நடக்கவில்லை. தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விசாலம் எங்கள் தெருவழியாகப் போகும்போது நெற்றியை நான் பார்ப்பேன். குங்குமம் இருக்கும். அப்பாடா என்று வேலைக்குத் திரும்புவேன். யுத்தம் முடிந்தது. பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நடராஜன் மட்டும் வரவில்லை. அவன் அம்மா அவனுக்கு உலை வைப்பதை நிறுத்தாமலேயே ஒரு மழைக்காலத்தில் கண்ணை மூடினாள். கணபதி ஐயர் பயந்தது ஒருவிதத்தில் நடந்துவிட்டது. அன்றைக்கு மேகம் போட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாளோ என்று முதலாளி ஒருதடவை என்னிடம் கேட்டார்.

மருமகளைக் கல்லூரியில் சேர்த்தவர் கணபதி ஐயர்தான். வீட்டில் வெறுமனே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவரே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார் என்று கேள்விப்பட்டோம். சுதந்திரம் வந்து, ஊரில் என்னென்னவோ மாறி, அந்தக் கதையை நாங்கள் ஓரளவு மறந்திருந்த சமயம். பட்டமளிப்பு விழா நடந்த ஒரு சாயங்காலம், மாடிப்படியில் அங்கிகளுக்கு நடுவே கைத்தடி தட்டுகிற சத்தம் கேட்டது. ஐயர் மிகவும் தளர்ந்திருந்தார். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள் விசாலம். பட்டுப் புடவைமேல் கறுப்பு அங்கி. தோளில் பட்டத்துக்குரிய பட்டுத்துணி. கையில் சுருள். நெற்றியில் குங்குமம்.

முதலாளி சுருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். எல்லோருக்கும் செய்வதுதான். ஆனால் அன்று அவர் அதைப் படித்து முடிக்க வழக்கத்தைவிட நேரமாயிற்று. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார், படம் எங்கே போகப் போகிறது என்று.

"அவர் படத்துக்குப் பக்கத்துல" என்றாள் விசாலம்.

ஐயர் விளக்கினார். நாற்காலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை நிற்கிறான், இந்தப் பக்கம் இவள் நிற்க வேண்டும், இரண்டு படத்தையும் சேர்த்து ஒரே சட்டத்தில் மாட்டப் போகிறோம் என்றார். அவன் நின்ற இடத்துக்கு இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது. பெண்டாட்டி நிற்க வேண்டிய பக்கம் அதுதான்.

சொல்வது சுலபம். இரண்டு படத்திலும் முழு நாற்காலி இருந்தால் சேர்த்து வைக்கும்போது இரண்டு நாற்காலி ஆகிவிடும். ஒவ்வொன்றையும் நாற்காலிக்கு நடுவில் வெட்டி, இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாக வேண்டும். காத்திருந்த கூட்டத்தை முதலாளி மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். பரணிலிருந்து பழைய தூண் திரையை இறக்கினோம். நடராஜனின் தட்டை எடுத்து, அதன்மேல் எண்ணெய்க் காகிதம் வைத்து, நாற்காலியின் விளிம்பை மட்டும் நான் பென்சிலில் எடுத்தேன். அந்தக் காகிதத்தை முதலாளி காமிராவின் மங்கல் கண்ணாடியில் மறு ஓரத்தில் ஒட்டினார். பிறகு துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, இடது, வலது, ஒரு நூல் பின்னால் என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் தலைகீழாக விழுகிற நாற்காலி, என் பென்சில் கோட்டின்மேல் வந்து உட்காரும்வரை நான் அதை நகர்த்தினேன். வெளிச்சத் துணிகளையும் அன்று இருந்ததுபோல இழுத்துக் கட்டினோம். ஐயர் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், அவன் கை அங்கே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

விசாலம் போய் நின்றாள். சுருளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நாற்காலியின் முதுகில் வைத்தாள். நடராஜன் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம்.

முதலாளி துணியிலிருந்து தலையை எடுத்தார். ரப்பர் பந்தைக் கையில் பிடித்தார். அந்தக் கூரைக்குக் கீழே அத்தனை பேருக்கும் சொன்ன வார்த்தையை இவளுக்கும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர் யார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டார். பந்தைப் பிடித்த கை கீழே இறங்கியது.

நாற்காலிமேல் வைத்த கையை எடுக்காமல், காமிராவையே பார்த்தபடி விசாலம் சொன்னாள்.

"நெனைச்சுண்டுதான் நிக்கறேன்."

முதலாளி பந்தை அழுத்தினார்.

மறுநாள் அந்தத் தட்டு என் மேஜைக்கு வந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டு ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, தட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பினேன். மேகம் போடச் சொல்லி நானே வருகிறேன் என்று சொன்னவள், நான் அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த கடைசி நாள்வரை வரவில்லை.